‘பழக்கம்’ என்னும் ஒற்றைக் கட்டம்: வாய்ப்புண் கணக்கெடுப்புகளும் கல்வராயன் மலையின் எண்ணப்படாத வாய்களும்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்குச் செல்லும் ஒடுக்கப்பட்ட மக்கள். அரசு தலா பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு அறிவித்தது. நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைத்தது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. ஓரிரவில் வந்த சாவு என்பதால் அதற்குக் கணக்கு இருந்தது, பெயர்ப் பட்டியல் இருந்தது, விவாதம் இருந்தது.

அதே மக்களின் அதே வாய் வழியாகப் பத்தாண்டுகள், இருபதாண்டுகள் எடுத்துக்கொண்டு நுழையும் இன்னொரு சாவு இருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெண்மையான படலமாகவும், மெல்ல மெல்லத் திறக்க மறுக்கும் தாடையாகவும், ஆறாத ஒரு சிறு புண்ணாகவும் அது தொடங்குகிறது. அதற்கு ஆணையமும் இல்லை, இழப்பீடும் இல்லை. அனைத்திற்கும் மேலாக, அதற்கு ஒரு கணக்கே இல்லை. கணக்கில்லாத ஒன்றுக்கு நிதி ஒதுக்கும் பழக்கம் எந்த அரசுக்கும் இருந்ததில்லை. ஆகவே, வாய்ப்புண்களைப் பற்றி இதுவரை எண்ணப்பட்டவை எவை, எண்ணியவர்கள் யார், எண்ணிக்கைக்குள் வராமல் போனவர்கள் யார் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். பல் மருத்துவத்தின் பக்கங்களில் அடங்கிக் கிடக்கும் இக்கேள்வி, உண்மையில் நீதி சார்ந்த கேள்வி என்பதே நம் வாதம்.

இரண்டு ஆய்வுகள், பத்து மடங்கு வேறுபாடு

தென்னிந்தியாவில் பல் மருத்துவமனைக்கு வருவோரிடையே வாய்ப்புண்கள் எவ்வளவு பரவலாக உள்ளன என்று கேட்டால், ஆய்வாளர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் இரு ஆய்வுகள் உள்ளன. ஒன்று, சென்னை ராகாஸ் பல் மருத்துவக் கல்லூரியில் நடத்தப்பட்டு 2006இல் வெளியானது. அங்குப் புறநோயாளிகளாக வந்த 2,017 பேரின் வாய் பரிசோதிக்கப்பட்டது. அவர்களில் 4.1 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 83 பேருக்கு, வாயின் மென்திசுவில் புண்களோ மாற்றங்களோ இருந்தன. மற்றொன்று, கர்நாடகத்தின் மணிப்பால் பல் மருத்துவக் கல்லூரியில் 1,190 பேரிடம் செய்யப்பட்டு 2008இல் வெளியானது. அங்கே 41.2 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மாற்றம் இருந்தது. ஏறத்தாழ 490 பேர்.

நான்கு விழுக்காடா, நாற்பது விழுக்காடா? இரண்டும் பொய்யல்ல. எதைப் ‘புண்’ என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. மணிப்பால் ஆய்வு வாயில் கண்ட எல்லா மாற்றங்களையும் பதிவு செய்தது. அதன் பட்டியலில் முதலிடம் பெறுவது ஃபோர்டைஸ் புள்ளிகள், 6.55 விழுக்காடு. இவை கன்னத்திலும் உதட்டிலும் தெரியும் இயல்பான எண்ணெய்ச் சுரப்பிகள், நோயே அல்ல. 5.71 விழுக்காட்டினருக்கு இருந்த வெடிப்பு நாக்கும், 3.78 விழுக்காட்டினருக்கு இருந்த லூக்கோஎடிமா என்னும் மங்கலான வெண்மையும் அவ்வாறே தீங்கற்றவை. பல் உராய்வதால் தோன்றும் தடிப்பு 5.79 விழுக்காடு. சென்னை ஆய்வோ புகை, மது, மெல்லுதல் ஆகிய பழக்கங்களோடு தொடர்புபடுத்தி வாய்ப்புண்களை ஆராய்ந்தது. பத்து மடங்கு வேறுபாட்டின் கணிசமான பகுதி இவ்வெண்ணும் முறையில்தான் அடங்கியிருக்கிறது.

இந்த இரைச்சலை விலக்கிவிட்டுப் பார்த்தால், அஞ்ச வேண்டிய புண்களின் எண்கள் தெளிவாகத் தெரிகின்றன. லூக்கோபிளாக்கியா எனப்படும் வெண்படலம் சென்னையில் 0.59 விழுக்காடு, மணிப்பாலில் 1.59 விழுக்காடு. வாயின் உள்தோலுக்கு அடியில் நார்த்திசு இறுகிப்போகும் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் சென்னையில் 0.55, மணிப்பாலில் 2.01. லைக்கன் பிளானஸ் முறையே 0.15, 1.20. மணிப்பாலில் 1.76 விழுக்காட்டினருக்குப் புற்றுநோயே வந்துவிட்டிருந்தது. ஏறத்தாழ 21 பேர். வெண்படலம் இருந்தவர்களைவிடப் புற்றுநோய் முற்றி வந்தவர்கள் அதிகம் என்பது தற்செயல் அன்று. மக்கள் எந்தக் கட்டத்தில் மருத்துவமனையின் படியேறுகிறார்கள் என்பதை அது காட்டுகிறது. வலிக்காத வெண்படலத்திற்காக ஒருநாள் கூலியை இழந்து யாரும் பேருந்து ஏறுவதில்லை.

நாற்காலிக்கு வந்து சேராதவர்கள்

இவ்வாய்வுகளை நடத்தியவர்களைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. மருத்துவமனைக்கு வந்தவர்களை எண்ணினார்கள். அதை மறைக்காமல் எழுதியும் இருக்கிறார்கள். சிக்கல், அந்த எண்களை ‘மக்களிடையே உள்ள பரவல்’ என்று திட்டமிடுவோர் படிக்கும்போது தோன்றுகிறது. பல் மருத்துவக் கல்லூரியின் நாற்காலியில் அமர்பவர், அங்கு வந்து சேர வழியுள்ளவர். பேருந்து உண்டு, அன்றைய கூலியை விடும் வசதி உண்டு, துணைக்கு ஆள் உண்டு, உள்ளே நுழைந்தால் மதிப்பாக நடத்துவார்கள் என்ற நம்பிக்கை உண்டு. இவற்றுள் ஒன்று இல்லையென்றாலும் அவர் அந்த 2,017 பேருக்குள் வரமாட்டார்.

கல்வராயன் மலையை இவ்வளவுகோலில் வைத்துப் பார்ப்போம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட தனி வட்டம் அது. மலையின் மறுபகுதி கருமந்துறை வழியாகச் சேலம் மாவட்டத்தில் கிடக்கிறது. மலையாளி என்னும் பட்டியல் பழங்குடியினரின் மலை. சாமையும் தினையும் மரவள்ளியும் விளைவித்து, கடுக்காய் பொறுக்கி விற்று, மற்ற மாதங்களில் வேலை தேடிச் சமவெளிக்கும் அண்டை மாநிலங்களுக்கும் இறங்கும் மக்கள். நாடு விடுதலை பெற்ற பின்னரும் 1976 வரை இம்மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. குடியரசு இவர்களைத் தேடி வருவதற்கே கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. மருத்துவம் அதற்கும் பின்னால்தான் வந்தது.

தமிழகத்தின் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் மூன்று: 1953இல் தொடங்கிய சென்னைக் கல்லூரி, சிதம்பரம், அண்மையில் திறக்கப்பட்ட புதுக்கோட்டை. கள்ளக்குறிச்சிக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. அது பெரும் முன்னேற்றமே. ஆயினும், மலைக்கிராமத்தில் உள்ள ஒருவரின் வாயில் ஐயத்திற்குரிய புண் இருந்தால், சதைத்துணுக்கு எடுத்து உறுதி செய்வது, பிறகு அறுவை, கதிர்வீச்சு என்று நீளும் பாதை அவரைச் சேலம், புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம், அடையாறு என்று அலைக்கழிக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கும். பேருந்துக் கட்டணத்தையும், துணைக்கு வருபவரின் இழந்த கூலியையும், வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளின் சோற்றையும் அது ஏற்பதில்லை.

சமவெளியிலும் தூரம் கிலோமீட்டரால் மட்டும் அளக்கப்படுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஒன்றுபட்ட விழுப்புரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 29 விழுக்காட்டிற்கும் மேல். மாநிலத்தின் சராசரியோ 20. சங்கராபுரத்தை அடுத்த சேஷசமுத்திரத்தில் 2015 ஆகஸ்டில் தலித் மக்களின் தேர் கொளுத்தப்பட்டது இம்மண்ணில்தான். ஊருக்கும் சேரிக்கும் இடையிலான அந்த இடைவெளி மருத்துவத்திற்குள்ளும் நுழைகிறது. கன்சியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் உள்ளிட்டோர் பதினொரு மாநிலங்களின் 565 கிராமங்களில் மேற்கொண்டு 2006இல் நூலாக வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் நுழைய மறுத்ததைப் பதிவு செய்தது. வாய்ப் பரிசோதனையோ வீட்டுக்குள் நுழைவதோடு முடிவதன்று. நாக்கைப் பிடித்து நகர்த்த வேண்டும், கன்னத்தை விரலால் விலக்க வேண்டும், எச்சில் கையில் படும். பேஷ்வாக்களின் ஆட்சியில் தீண்டப்படாதோர் தம் எச்சில் தரையில் விழாதபடி கழுத்தில் மண்கலயம் கட்டித் திரிய வேண்டியிருந்ததை 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர் எடுத்துக்காட்டினார். எச்சிலையே தீட்டின் உச்சமாக வைத்த ஒரு சமூகத்தில், சேரியில் ஒரு வாயைத் திறந்து பார்ப்பது வெறும் மருத்துவச் செயலாக மட்டும் இருக்க முடியாது.

‘பழக்கம்’ என்று எழுதினால் முடிந்துவிடுமா?

பல் மருத்துவமனையின் நோயாளிப் படிவத்தில் வயது, பால், தொழில் ஆகியவற்றோடு ‘பழக்கங்கள்’ என்றொரு கட்டம் இருக்கும். சென்னை ஆய்வில் புகைப்போர் 15.02, மது அருந்துவோர் 8.78, மெல்லுவோர் 6.99 விழுக்காடு என்ற எண்கள் அக்கட்டத்திலிருந்து வந்தவை. அக்கட்டம் தேவையானது. புகையிலை, பாக்கு, மது மூன்றும் வாய்ப்புற்றுக்குக் காரணம் என்பதில் ஐயமில்லை. புகையிலை சேர்க்காத வெற்றிலைப்பாக்கும், தனிப் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. ‘வெறும் பாக்குதானே’ என்னும் ஆறுதலுக்கு அறிவியலில் இடமில்லை.

ஆனால் ‘பழக்கம்’ என்ற சொல் ஒரு தீர்ப்பையும் சேர்த்தே எழுதுகிறது. நோய்க்கு நோயாளியே பொறுப்பு என்று அது முடித்துவிடுகிறது. காலையில் கஞ்சியில்லாமல் கரும்பு வெட்டப் போகிறவர் கன்னத்தில் ஒதுக்கும் புகையிலை பசியை மறக்கச் செய்கிறது. செங்கல் சூளையில் பன்னிரண்டு மணிநேரம் நிற்பவருக்கு அது உறக்கத்தை விரட்டுகிறது. சாக்கடைக் குழியின் நாற்றத்தைத் தாங்க வேண்டியவருக்கு அது மூக்கை மரத்துப்போகச் செய்கிறது. முதலாளி தராத உணவும் ஓய்வும் முகக்கவசமும் ஐந்து ரூபாய்ப் பொட்டலமாக அவர்கள் கைக்கு வருகின்றன. படிவத்தில் ‘பழக்கம்’ என்ற கட்டத்திற்கு எதிரே ‘ஹான்ஸ், 15 ஆண்டுகள்’ என்று எழுதப்படும்போது, அப்பதினைந்து ஆண்டுகளின் வேலை எங்கும் எழுதப்படுவதில்லை.

‘புகையிலைக்குச் சாதி தெரியாது, மேல்சாதிக்காரரும் மெல்லுகிறார், அவருக்கும் புற்றுநோய் வருகிறது’ என்று நண்பர்கள் சிலர் வாதிடக்கூடும். புகையிலைக்குச் சாதி தெரியாதுதான். ஆனால் பொட்டலம் யாருடைய வேலையோடு பிணைந்திருக்கிறது, புண் எந்தக் கட்டத்தில் கண்டுபிடிக்கப்படுகிறது, கண்டபின் யார் எவ்வளவு நாளில் அறுவை அரங்கை அடைகிறார் என்பதெல்லாம் சாதிக்கும் நிலத்திற்கும் கூலிக்கும் நன்றாகத் தெரியும். ஒரே வெண்படலம் ஒருவருக்கு மருத்துவர் தரும் எச்சரிக்கையாகவும், மற்றொருவருக்கு மரணச் சான்றிதழாகவும் மாறுவதற்கு இடையில் இருப்பது அதுவே.

வாய் பட்டினியையும் காட்டிக்கொடுக்கும். கடைவாயில் வெடிப்பு, வழவழத்துப்போன நாக்கு, திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண் ஆகியவை இரும்புச்சத்தும் பி வைட்டமின்களும் குறைந்த உடலின் அடையாளங்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். அவ்வாறு சத்திழந்த வாய்த்தோலின்மீது பாக்கும் புகையிலையும் படும்போது சேதம் விரைகிறது. நியாயவிலைக் கடையையும் வாய்ப்புற்றையும் தனித்தனித் துறைகளாகப் பிரித்தது நிர்வாகம். உடல் அவ்வாறு பிரித்துக்கொள்வதில்லை.

பார்த்தால் பிழைக்கும்

வாய்ப்புற்றின் கொடுமை, அது தவிர்க்கக்கூடியது என்பதில்தான் இருக்கிறது. குளோபோகன் 2020 மதிப்பீட்டின்படி இந்தியாவில் அவ்வாண்டு புதிதாக உதடு, வாய்ப் புற்றுநோய் கண்டவர்கள் ஏறத்தாழ 1,35,000 பேர்; இறந்தவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். குடலுக்குள்ளோ நுரையீரலுக்குள்ளோ ஒளிந்திருக்கும் நோயன்று இது. ஒரு கைவிளக்கும் பயிற்சி பெற்ற இரு கண்களும் போதும். பெரும்பாலான வாய்ப்புற்றுக்கு முன்னறிவிப்பும் உண்டு. எர்ணாகுளத்தில் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளைப் பதினேழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அவர்களில் 7.6 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் வந்தது. அதாவது, தாடை இறுகத் தொடங்கியவரைக் கண்டறிந்து கவனித்துவர ஆண்டுக்கணக்கில் அவகாசம் இருக்கிறது.

இதற்கான சான்று நம் பக்கத்து மாநிலத்திலேயே உருவானது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 ஊராட்சிகளில் 1990களின் நடுவில் தொடங்கிய ஆய்வில் 35 வயதிற்கு மேற்பட்ட 1,90,000க்கும் அதிகமானோர் சேர்க்கப்பட்டனர். ஏழு ஊராட்சிகளில் பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பரிசோதித்தனர். ஆறு ஊராட்சிகளில் வழக்கமான மருத்துவம் மட்டும். 2005இல் வெளியான முடிவில், புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்று மரணங்கள் 34 விழுக்காடு குறைந்திருந்தன. பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அக்குறைவு 24 விழுக்காடாக நிலைத்திருந்தது. இப்பழக்கங்கள் இல்லாதோரையும் சேர்த்து நோக்கினால் பயன் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே இதன் பாடம் தெளிவு: ஆபத்து மிகுந்தோரைத் தேடிச் சென்று பார்த்தால் உயிர் காக்கலாம். வீடு தேடிச் சென்றவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற பணியாளர்கள் என்பது மலைக்கிராமங்களுக்கு மிகவும் பொருந்தும் பாடம்.

ஒன்றிய அரசு 2016இல் வகுத்த திட்டம் இதையே சொல்கிறது. முப்பது வயது கடந்த ஒவ்வொருவருக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை. இரண்டு வாரங்களுக்குமேல் ஆறாத புண்ணோ படலமோ உண்டா, வாய் திறப்பதில் சிரமம் உண்டா என்று ஆஷா பணியாளர் கேட்டு நிரப்பவேண்டிய படிவமும் இருக்கிறது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே செல்லும் பணியாளர்களைத் தந்திருக்கிறது. திட்டத்திலும் படிவத்திலும் குறையில்லை. ஆனால் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு, வாய்ப்புற்றுக்கான பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் நாட்டில் பெண்களில் 0.9 விழுக்காடு, ஆண்களில் 1.2 விழுக்காடு மட்டுமே என்று கண்டது. நூற்றுக்கு ஒருவர். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அளக்க இயந்திரம் உண்டு. எண் உடனே பதிவாகும். வாயைப் பார்ப்பதற்கு நேரமும் பயிற்சியும் வேண்டும், தொடுவதற்கு மனமும் வேண்டும்.

தடையின் சட்டம், தண்டனையின் திசை

புகையிலைப் பொட்டலத்தைத் தடுக்கும் சட்டத்தின் கதையையும் பார்ப்போம். தமிழக அரசு 2001இல் குட்காவையும் பான் மசாலாவையும் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின்கீழ்த் தடை செய்தது. அவ்வகைத் தடைகளை கோதாவத் பான் மசாலா வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் செல்லாதவை என்றது. பின்னர் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும், உணவுப் பொருளில் புகையிலையோ நிகோடினோ இருக்கக்கூடாது என்ற 2011ஆம் ஆண்டு ஒழுங்குவிதியும் வந்தன. அவற்றைக்கொண்டு 2013 மே மாதம் தமிழகத்தில் மீண்டும் தடை பிறந்தது. சட்டத்தின் 30ஆம் பிரிவு ஓராண்டுக்குமேல் தடை விதிக்க ஆணையருக்கு அதிகாரம் தரவில்லை. அரசோ ஆண்டுதோறும் அறிவிப்பைப் புதுப்பித்துவந்தது. இது நிரந்தரத் தடையைத் தற்காலிக அதிகாரத்தால் விதிப்பதாகும் என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அறிவிப்பை இரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

ஆக, பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒரு பொதுச் சுகாதாரக் கொள்கை ஆண்டுக்காண்டு அறிவிப்பின் நூலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவதை அரசின் முதன்மைக் கடமையாக வைக்கிறது. அதை நிறைவேற்ற உறுதியான சட்டம் இயற்றுவதற்குப் பதில், பெட்டிக்கடைகளைச் சோதனையிட்டுப் பொட்டலங்களைக் கைப்பற்றுவதே ‘நடவடிக்கை’ ஆகிவிட்டது. செய்தித்தாளில் படத்தோடு வருவது சிறு கடைக்காரர். தயாரித்தவரும் எல்லை தாண்டிக் கொண்டுவந்தவரும் படத்தில் இருப்பதில்லை. மறுபுறம், தடையால் ‘இல்லாமல்’ போன ஒரு பொருளைத் தாம் மெல்லுவதாகச் சுகாதாரப் பணியாளரிடம் ஒப்புக்கொள்ள மக்கள் தயங்குகிறார்கள். விட நினைப்பவருக்குத் துணை நிற்கும் ஆலோசனை மையம் வேண்டும். தண்டனை மட்டும் இருந்து சிகிச்சை இல்லாத தடை, நோயை மறைக்கவே உதவும்.

கல்வராயன் மலை மக்களுக்கு இத்தகைய பார்வை புதிதன்று. கருணாபுரம் சாவுகளுக்குப் பிறகு அம்மலை முழுவதும் சாராய ஊறலின் கூடாரமாகவே ஊடகங்களில் சித்திரிக்கப்பட்டது. சோதனைகளும் கைதுகளும் மலையேறின. அச்சூழலில், 2024 ஜூலையில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கெடுத்தது முக்கியமான திருப்பம். காவல்துறையின் கண்ணால் பார்க்கப்பட்ட மலையை உரிமையின் கண்ணால் பார்க்கும் வாய்ப்பை அது திறந்தது. சாலையும் பள்ளியும் நியாயவிலைக் கடையும் அங்கே பேசப்படுகின்றன. வாயும் பல்லும் அப்பட்டியலில் இடம்பெற வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

உடல்நலம் 21ஆம் பிரிவின் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்பதை 1995இல் தொழிலாளர் நலன் குறித்த நுகர்வோர் கல்வி மற்றும் ஆய்வு மையம் வழக்கிலும், 1996இல் பஸ்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துள்ளது. பணமில்லை என்பது அக்கடமையிலிருந்து அரசை விடுவிக்காது என்பதும் இரண்டாம் தீர்ப்பின் சாரம். மேலும், தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் 2024இல் நிறைவேறியிருக்கிறது. மக்கள்தொகை விகிதத்திற்கேற்ப நிதி ஒதுக்கி, அதை அம்மக்களுக்கே செலவிட வேண்டும் என்பது இனி கோரிக்கையன்று, சட்டம். இவ்வடித்தளத்தின்மீது நாம் நான்கு கோரிக்கைகளை வைக்கிறோம்.

முதலாவது, மருத்துவமனைக்கு வெளியே ஒரு கணக்கெடுப்பு. கல்வராயன் மலை ஒன்றியத்திலும், கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சேரிகளிலும் முப்பது வயது கடந்தோரின் வாயை வீடு தேடிச் சென்று பரிசோதிக்க வேண்டும். தீங்கற்ற மாற்றங்களையும் ஆபத்தானவற்றையும் தனித்தனியே எண்ண வேண்டும். நான்கா நாற்பதா என்ற குழப்பம் மீண்டும் நேராதிருக்க அது அவசியம். வேலை என்ன, மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம், முதலில் புண் கண்டது எப்போது, மருத்துவரைப் பார்த்தது எப்போது ஆகியவையும் பதியப்பட வேண்டும்.

இரண்டாவது, சமூகப் பிரிவுவாரியான தொகுப்பு. இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. எண்ணுவது இழிவுபடுத்துவதாக மாறிவிடக்கூடாது. சமூகங்களையே குற்றப் பரம்பரை என்று பட்டியலிட்ட அரசின் வழிவந்தது நம் நிர்வாகம். ‘இந்தச் சாதிக்கு இந்த நோய்’ என்று தலைப்பிட ஊடகங்களும் காத்திருக்கின்றன. எனவே தனிநபர் விவரம் வெளிவராமல், ‘யாருக்கு நோய்’ என்பதோடு ‘யாருக்குச் சிகிச்சை கிட்டவில்லை’ என்பதையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.

மூன்றாவது, கண்டறிந்தபின் கைவிடாமை. மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 3,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது அரசே வகுத்த அளவு. அவற்றில் வாய்ப் பரிசோதனைக்குப் பயிற்சி பெற்றவரும், குறிப்பிட்ட நாள்களில் பல் மருத்துவரும் இருக்க வேண்டும். சதைத்துணுக்குப் பரிசோதனை கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியிலேயே முடிய வேண்டும். மேல்சிகிச்சைக்குச் செல்வோருக்கும் துணைக்குச் செல்பவருக்கும் பயணச் செலவும் இழந்த கூலியும் வளர்ச்சிச் செயல்திட்ட நிதியிலிருந்து தரப்பட வேண்டும். புண்ணைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, போக வழி காட்டாமல் விடுவது அச்சத்தை மட்டுமே விதைக்கும்.

நான்காவது, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அறிவிப்புக்குப் பதிலாக மெல்லும் புகையிலை குறித்து உறுதியான மாநிலச் சட்டம். அதில் விட விரும்புவோருக்கான இலவச ஆலோசனையும் மருந்தும், தயாரிப்பாளர் மீதான பொறுப்பும் எழுதப்பட வேண்டும்.

இதைப் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேலையும் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்டச் சுகாதார அலுவலகத்திற்கு ஒரு மனு அனுப்புங்கள். கேள்விகள் ஐந்து போதும். கடந்த மூன்றாண்டுகளில் ஒன்றியம் வாரியாக வாய்ப் பரிசோதனை செய்யப்பட்ட முப்பது வயது கடந்தோர் எத்தனை பேர்? ஐயத்திற்குரிய புண் கண்டவர்கள் எத்தனை பேர்? மேல்மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்? சதைத்துணுக்குப் பரிசோதனை முடிந்தவர்கள் எத்தனை பேர்? சிகிச்சை தொடங்கியவர்கள் எத்தனை பேர்? முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் இடையில் கரைந்துபோனவர்கள் யார் என்பதே நாம் நீதிமன்றத்தின் முன்பும் மக்கள் முன்பும் வைக்க வேண்டிய ஆவணம். ‘விவரம் இல்லை’ என்று பதில் வந்தால், அதுவும் ஆவணமே.

அதுவரை வீட்டிலும் தெருவிலும் சொல்லிவைக்க வேண்டியவை சில உண்டு. இரண்டு வாரங்களில் ஆறாத வாய்ப்புண், தேய்த்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புப் படலம், காரம் பட்டால் தாங்க முடியாத எரிச்சல், தன் மூன்று விரல்களை நெடுக்காக அடுக்கி நுழைக்க முடியாதபடி குறுகிய வாய், கழுத்தில் கட்டி: இவற்றில் ஒன்றிருந்தாலும் வலிக்காக் காத்திருக்கக்கூடாது. சிவப்புப் படலம் வெண்படலத்தைவிட ஆபத்தானது. விட்டுவிட்டால் பயனுண்டா என்று கேட்பவர்களுக்கு, உண்டு என்று உறுதியாகச் சொல்லலாம். புகையிலையை நிறுத்தியபின் வெண்படலங்கள் பல சுருங்கி மறைவதை மருத்துவம் கண்டிருக்கிறது.

கருணாபுரத்தின் சாவுகளை எண்ண அரசுக்குச் சில நாள்கள் போதுமானதாக இருந்தது. மலையிலும் சேரியிலும் மெல்ல வந்துகொண்டிருக்கும் இச்சாவுகளை எண்ண ஒரு கைவிளக்கும், தொடத் தயங்காத ஒரு கையும், அதற்கான ஆணையும் போதும். அவ்வாணையைப் பெறும்வரை கேட்டுக்கொண்டிருப்போம்.